பழைய பிக்கப்புக்கு மாற்றுக் கார்புரேட்டர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

சிறு வணிகர்கள், பண்ணையாளர்கள், மலைத்தோட்ட உரிமையாளர்கள் எனப் பலரிடம் பழைய பெட்ரோல் பிக்கப் வாகனங்கள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கடன் முழுவதும் அடைபட்டு, மாதத் தவணை ஏதுமின்றி ஓடும் வண்டி உரிமையாளருக்குப் பெரும் துணை. ஆனால் ஒரு நாள் அது புகை கக்கும், காலையில் கிளம்ப மறுக்கும், ஏற்றத்தில் திணறும். அப்போது பணிமனையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கார்புரேட்டரை மாற்றிவிடலாம்" என்பதே. அந்தச் செலவு பயன் தருமா, வீணாகுமா என்பது சரியான பாகத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தது.

பழுது எங்கே உள்ளது?

கார்புரேட்டரின் பணி காற்றையும் பெட்ரோலையும் உரிய விகிதத்தில் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது. உள்ளே குறுகலாக அமைந்த தொண்டைப் பகுதியைக் காற்று கடக்கும்போது அதன் வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தமே மிதவை அறையில் உள்ள பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளை வழியாக இழுத்துத் தெளிக்கிறது. கலப்படமற்ற பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை.

இந்த விகிதம் கெடுவதற்குக் கார்புரேட்டர் மட்டுமே காரணமன்று. அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், தளர்ந்த பெட்ரோல் பம்பு, வெடிப்பு விழுந்த வேக்குவம் குழாய் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். இவை யாவும் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியவை. ஆகவே இவற்றை முதலில் சோதிக்கச் செய்வதே முறை.

பழுது கார்புரேட்டரில்தான் என்று உறுதியானாலும், உடனே புதியது வாங்க வேண்டும் என்பதில்லை. துளைகளில் படிந்த கசடு, பழுதான மிதவை ஊசி, கிழிந்த டயாஃபிரம், காய்ந்த கேஸ்கெட் ஆகியவற்றுக்குப் பழுதுநீக்கும் கிட் போதுமானது. திராட்டில் தண்டு அதன் துளையில் ஆடுகிறதா, அடித்தளம் வளைந்துவிட்டதா, உலோக உடல் அரித்துவிட்டதா என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். இம்மூன்றில் ஒன்று இருந்தால் கிட்டினால் மட்டும் பயன் விளையாது. ஆடும் தண்டுக்குப் புதிய புஷ் போடத் தெரிந்த லேத் பட்டறை அருகில் இல்லையெனில், மாற்றுவதே சிக்கனம்.

பெரியது சிறந்ததா?

பெரிய கார்புரேட்டர் போட்டால் இழுவை கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மாருதி ஜிப்சியைக் கொண்டு இதனை ஆராயலாம். 1985-இல் அறிமுகமான ஜிப்சியில் இருந்தது 970 சி.சி. இன்ஜின். 1996-இல் 1,298 சி.சி. இன்ஜின் வந்தது. 2000-ஆம் ஆண்டில் அவ்வண்டி கார்புரேட்டரைக் கைவிட்டு, எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறியது.

நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக் காற்றை உறிஞ்சுகிறது. நிமிடத்திற்கு 5,000 சுற்றில், 970 சி.சி. இன்ஜினுக்குக் கணக்களவில் ஏறத்தாழ 2,425 லிட்டர் காற்று தேவை, 1,298 சி.சி. இன்ஜினுக்கு 3,245 லிட்டர். ஒன்றைவிட மற்றொன்றின் தேவை மூன்றில் ஒரு பங்கு அதிகம். பெரிய இன்ஜினுக்குரிய கார்புரேட்டரைச் சிறிய இன்ஜினில் பொருத்தினால், தொண்டையில் காற்றின் வேகம் குறையும். பெட்ரோல் நன்கு தூளாகாது. குறைந்த வேகத்தில் வண்டி தடுமாறும். சுமையேற்றி மெல்ல ஊர்ந்து செல்லும் பிக்கப்புக்கு இது பெரும் குறை. சிறியதைப் பெரிய இன்ஜினில் பொருத்தினாலோ, உயர் வேகத்தில் மூச்சுத் திணறும். வண்டியின் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. இன்ஜினும் தயாரிப்பு ஆண்டும் பொருந்த வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

தில்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளுக்குச் செல்வோர், கழற்றிய பழைய கார்புரேட்டரையே கையில் கொண்டுசெல்வது நலம். அதன் உடலில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒப்பிட வேண்டியவை: போல்ட் துளைகளின் இடைவெளி, தொண்டையின் விட்டம், ஆக்சிலரேட்டர் கேபிள் சேரும் பக்கம், சோக் கையால் இயக்குவதா தானியங்கியா என்பது, பெட்ரோல் வரும் குழாயும் திரும்பும் குழாயும், வேக்குவம் குழாய்களின் எண்ணிக்கை. பயன்படாத வேக்குவம் முனை திறந்தே கிடந்தால் அதன் வழியே காற்று நுழைந்து கலவையைக் கெடுக்கும்.

புதுப்பித்த கார்புரேட்டரை வாங்குவதாயின், திராட்டில் தண்டை அசைத்துப் பாருங்கள். மெருகூட்டிய வெளித்தோற்றம் உள்ளே உள்ள தேய்மானத்தை மறைக்கக்கூடும். பில்லும், பொருந்தாவிடில் திருப்பிப் பெற்றுக்கொள்வதற்கான எழுத்துப்பூர்வ உறுதியும் அவசியம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2022-இல் 10 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கை எட்டிய நம் நாடு, 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. பழைய வண்டிகள் இதனைக் கருதி வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய வகை ரப்பரை உப்பச் செய்யும். ஈரத்தை ஈர்ப்பதால் உலோகப் பாகங்கள் அரிக்க வழி வகுக்கும். ஆகவே டயாஃபிரம், சீல், பெட்ரோல் குழாய் ஆகியன எத்தனாலைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். மேலும், 20 சதவீதக் கலப்புக்கு உரிய விகிதம் ஏறத்தாழ 13.5 மட்டுமே. பழைய ஜெட் அளவில் கலவை சற்று வறண்டு, ஏற்றத்தில் தயக்கம் தோன்றலாம். ஜெட் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அனுபவமிக்க மெக்கானிக்கிடம் சோதித்தறியுங்கள். நெடுநாள் நிறுத்தி வைக்கும் வண்டியின் மிதவை அறையில் பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

பொருத்திய பின்

புதிய கேஸ்கெட்டும் பெட்ரோல் வடிகட்டியும் இன்றிப் பொருத்த வேண்டாம். மிதவை அறையின் பெட்ரோல் மட்டத்தைச் சரிபார்த்து, இன்ஜின் சூடான பிறகு, புகைப் பரிசோதனைக் கருவியின் துணையுடன் கலவைத் திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பாரத் நிலை-2 விதிகளுக்கு முந்தைய நான்குசக்கர பெட்ரோல் வாகனங்களுக்கு, இன்ஜின் வெற்றோட்டத்தில் இருக்கும்போது கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். அளவையும் தாண்டக்கூடாது.

செலவுக்கு முன் ஒரு கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்து வந்து, மாற்றிய பின் 12 கிலோமீட்டர் கொடுப்பதாகக் கொள்வோம். செலவாகும் பெட்ரோல் 100 லிட்டரிலிருந்து சுமார் 83 லிட்டராகக் குறையும். லிட்டர் ரூ.100 எனில் மாதச் சேமிப்பு ஏறக்குறைய ரூ.1,700. பாகத்துக்கும் கூலிக்கும் சேர்த்து ரூ.10,000 ஆனால், ஆறு மாதங்களில் அத்தொகை திரும்பிவிடும். இவ்வெண்கள் எடுத்துக்காட்டே, உங்கள் வண்டியின் எண்களை இட்டுப் பாருங்கள்.

அதே வேளையில் பதிவுச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். சரக்கு வாகனமாகப் பதிவானதற்குத் தகுதிச் சான்று தேவை. தில்லி தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. சேமிப்பு திரும்புவதற்குள் பதிவு முடிந்துவிடுமானால், அல்லது சேஸியும் தரைத்தகடும் துருவேறிப் போயிருந்தால், அத்தொகையைப் புதிய வண்டியின் முன்பணமாக ஒதுக்குவதே அறிவுடைமை. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் பழைய வண்டியை ஒப்படைத்துப் பெறும் சான்று, புதிய வண்டியின் சாலை வரியில் சலுகை பெற உதவும்.

கணக்கு சாதகமாக அமைந்தால் மாற்றுங்கள். மாற்றிய பின் பழைய கார்புரேட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் நெம்புகோல்களும் திருகுகளும் இனிக் கடையில் எளிதில் கிடைக்காதவை. அடுத்த பழுதின்போது அவை கைகொடுக்கும்.