சோப்புக்கும் தூதர்... செல்போனுக்கும் தூதர்! கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டிய சங்கதிகள்

சென்னை, தியாகராயநகர். மாலை 6 மணி. செல்போன் கடை வாசலில் கம்பெனி பனியன் போட்ட வாலிபர் ஒருவர் போகிறவர் வருகிறவரை எல்லாம் மடக்குகிறார்.

"சார், ஒரு நிமிஷம்! இந்த கேமராவை மட்டும் பார்த்துட்டுப் போங்க சார்!"

பத்துப் பேரில் ஒன்பது பேர் நிற்பதில்லை. பத்தாவது ஆசாமி நிற்கிறார். அவரிடம் விலையைச் சொல்லி, படம் பிடித்துக் காட்டி, கடைக்குள் அழைத்துப் போய்விட்டால் வாலிபருக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது!

இப்படி நிற்கும் பையன்களிடமும் பெண்களிடமும் பேச்சுக் கொடுத்தால் பலருக்கும் ஒரே ஆசை. "பிராண்ட் அம்பாசடர்" ஆகணும்! அதாவது, விளம்பரத் தூதர்.

நாட்டுக்குத் தூதர் உண்டு, தெரியும். சோப்புக்கும் தூதரா என்று சிரிக்க வேண்டாம். 1941-லேயே லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் இந்தி நடிகை லீலா சிட்னிஸ் வந்துவிட்டார். அந்தக் காலத்தில் நட்சத்திரங்களுக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு இது. இப்போதோ கையில் செல்போனும் பின்னால் நாலாயிரம் ரசிகர்களும் இருந்தால் கம்பெனிக்காரர்கள் தேடி வருகிறார்கள்.

முதலாளியே கதாநாயகர்!

சென்னைக்காரர்களுக்கு இதில் தனி ருசி உண்டு. இங்கே கடை முதலாளிகளே தங்கள் கடைக்குத் தூதர்கள்! லலிதா ஜுவல்லரி கிரண்குமார் முகம் தெரியாத வீடு உண்டா? சரவணா ஸ்டோர்ஸ் "லெஜண்ட்" சரவணன் நடிகைகளோடு விளம்பரத்தில் ஆடினார். கேலி செய்தார்கள். அவரோ 2022-ல் சினிமா கதாநாயகனாகவே வந்துவிட்டார்!

2020-ல் காலமான வசந்த் அண்ட் கோ வசந்தகுமார் கதை இன்னும் சுவையானது. வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக நின்றவர் அவர். 1978-ல் தனிக்கடை போட்டார். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியவர், பிறகு விளம்பரத்தில் நின்று பேசினார். கடை வாசலில் நிற்கிற பிழைப்பைக் கேவலமாக நினைக்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

"ரூ.5 ஆயிரம் கட்டுங்க தம்பி!"

ஆசை இருக்கும் இடத்தில் எத்தன் இருப்பான். பி.காம். முடித்த வாலிபர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் அழைப்பு வருகிறது. "தம்பி, உங்க முகம் எங்க கம்பெனிக்குப் பிடிச்சிருக்கு. போட்டோ எடுக்க, பெயர் பதிய ரூ.5 ஆயிரம் கட்டுங்க." கட்டினால் தீர்ந்தது. அடுத்த நாள் அந்த நம்பர் அம்பேல்! வேலை கொடுப்பவன் சம்பளம் தருவானா, வேலைக்கு வருகிறவனிடம் வசூல் செய்வானா? இந்த ஒரு கேள்வி போதும்.

நிஜமான கம்பெனி ஒப்பந்தப் பத்திரம் நீட்டும். அதையும் ஊன்றிப் படிக்க வேண்டும். போட்டிக் கம்பெனி பொருளை எத்தனை நாள் தொடக்கூடாது? படத்தை எந்த ஊரில், எத்தனை மாதம் போடுவார்கள்? பணம் எந்தத் தேதியில் வரும்? இது எழுத்தில் இல்லை என்றால், இரண்டு வருஷம் கழித்தும் நம் முகம் எங்கோ ஒரு பஸ் முதுகில் ஓடிக்கொண்டே இருக்கும். காசு மட்டும் வராது.

பொய் சொன்னால் ரூ.10 லட்சம்!

இதுதான் முக்கியம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. மக்களை ஏமாற்றும் விளம்பரம் என்று தெரிந்தால் கம்பெனிக்கு மட்டுமல்ல, விளம்பரத்தில் பேசியவருக்கும் ரூ.10 லட்சம் வரை அபராதம். மறுபடி மாட்டினால் ரூ.50 லட்சம் வரை! முதல் முறை ஓராண்டு வரையிலும், அடுத்தடுத்து 3 ஆண்டு வரையிலும் விளம்பரத்தில் தலைகாட்டத் தடையும் போடலாம்.

"எனக்கு என்ன சார் தெரியும், எழுதிக் கொடுத்ததைப் பேசினேன்" என்று கைவிரிக்க முடியாது. சொல்வது உண்மைதானா என்று முன்கூட்டியே தக்கபடி விசாரித்திருந்தால் தப்பலாம். விசாரித்ததைக் காட்ட வேண்டும். முகப்பூச்சு ஏழு நாளில் வெளுக்கும் என்று பேசுகிறவர், கம்பெனியிடம் பரிசோதனைக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

காசு வாங்கிப் பேசினால் அதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசு இதைத் தெளிவாக்கியது. வீடியோ என்றால் எழுத்திலும் வரணும், வாயாலும் சொல்லணும். பேச்சு தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்காரர்கள் வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிட வேண்டியதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை ஜெயில் என்று இருக்கிறது.

பெரிய மனிதர்களுக்கே இதில் தலைவலி வந்தது உண்டு. அம்ரபாலி கட்டுமானக் கம்பெனிக்குத் தூதராக இருந்தார் கிரிக்கெட் வீரர் டோனி. வீடு வாங்கியவர்கள் கம்பெனியை விட்டுவிட்டு டோனியை நோக்கிக் குரல் எழுப்பினார்கள். 2016 ஏப்ரலில் அவர் விலகிக்கொண்டார்.

ஓசி செல்போனுக்கும் வரி!

"காசு வேண்டாம், இந்த போனை வச்சுக்கோங்க" என்பார்கள். அதுவும் வருமானம்தான்! ஆண்டில் ரூ.20 ஆயிரத்துக்கு மேல் மதிப்புள்ள பொருள் கொடுத்தால், 2022 ஜூலை முதல் கொடுக்கிறவர் 10 சதவீத வரிக்கு வழி செய்ய வேண்டும். படம் எடுத்தபின் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்த வரி இல்லை. ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்யலாம். பொய் விளம்பரத்தை நம்பிப் பொருள் வாங்கியவர்களுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.