‘நம்ம நாட்டு’ டிராக்டர் எது? பெயரை வைத்து முடிவு செய்யலாமா?

“டிராக்டர்னா நம்ம நாட்டு வண்டிதான் வாங்கணும்” என்பார் ஒருவர். “வெளிநாட்டு கம்பெனி வண்டிக்கு ஈடாகுமா?” என்பார் இன்னொருவர். டீக்கடையில் முடியாத வாக்குவாதம் இது. ஆனால், எது நம்ம நாட்டு வண்டி என்பதிலேயே குழப்பம் இருக்கிறது.

இங்கேயே பிறந்த ஸ்வராஜ்

1960-களில் இந்திய டிராக்டர் நிறுவனங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தையே நம்பியிருந்தன. மஹிந்திராகூட 1963-ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டு சேர்ந்துதான் களமிறங்கியது. அந்தச் சூழலில், துர்காபூரில் உள்ள மத்திய அரசின் இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் சொந்தமாக ஒரு டிராக்டரை வடிவமைத்தது. அதை பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் 1974-ல் தயாரிக்கத் தொடங்கியது. அதுதான் ஸ்வராஜ். 2007-ல் அந்நிறுவனம் மஹிந்திராவின் கைக்கு வந்தது.

பெயர் வெளிநாடு, ஊர் சென்னை

மாஸி பெர்குசன் என்பது வெளிநாட்டுப் பெயர். ஆனால் இந்தியாவில் அதைத் தயாரிப்பது, 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்காவின் ஏஜிசிஓ நிறுவனத்துடன் வழக்கே நடந்தது. 2025-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இந்தியா, நேபாளம், பூட்டானில் அந்த பிராண்ட் டாஃபேவுக்கே சொந்தம்.

எஸ்கார்ட்ஸ் கதை இதற்கு நேர் எதிர். அது இந்திய நிறுவனமாக வளர்ந்தது. 2022-ல் ஜப்பானின் குபோட்டா அதன் கட்டுப்பாட்டைப் பெற, பெயரும் ‘எஸ்கார்ட்ஸ் குபோட்டா’ ஆனது. அமெரிக்க ஜான் டீருக்கோ புனேயில் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் நம்மவர்கள்தான்.

அப்போ, எதைப் பார்ப்பது?

‘சுதேசி’ என்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வடிவமைத்தது யார்? தயாரிப்பது எங்கே? லாபம் யாருக்கு? மூன்றுக்கும் ஒரே பதில் வரும் என்று சொல்ல முடியாது.

விவசாயிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மழை பெய்து ஈரம் இருக்கும் சில நாள்களுக்குள் உழவு முடிய வேண்டும். அந்த நேரத்தில் வண்டி நின்றால் வாடகை வருமானம் போகும். கடன் தவணை மட்டும் நிற்காது. அதனால்தான் ஒரே ஊரில் பலரும் ஒரே கம்பெனி வண்டியை வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே மெக்கானிக் இருப்பார், ஸ்பேர் கிடைக்கும், விற்கும்போதும் நல்ல விலை போகும்.

நாட்டுப்பற்றோடு வாங்க நினைப்பதில் தவறில்லை. ஆனால், கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது: சீசனில் வண்டி நின்றால், அன்றைக்கே வந்து சரிசெய்ய ஆள் இருக்கிறாரா?