கரை ஒதுங்கிய கட்டையும் வீட்டு மீன் தொட்டியும்

நம் சங்கக் குடும்பங்களில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்குவதும், இரண்டே மாதத்தில் அது பெரியவர்கள் தலையில் விழுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கோட்டையும் சாயம் போட்ட கல்லும் அலுத்துப் போனபின், ஒரு நல்ல மரக்கட்டை வைத்தால் ஆற்றுப் படுகை போல இருக்குமே என்று தோன்றும். மட்டாஞ்சேரியில் இருக்கும் நமக்குக் கட்டைக்குப் பஞ்சமில்லை. இடவப்பாதி என்று இங்குள்ளவர்கள் சொல்லும் மழைக்காலத்தில், பெரியாறும் மூவாற்றுப்புழையாறும் மலையிலிருந்து அடித்துவரும் மரங்கள் காயல் வழியாக அழிமுகம் வரை வந்துவிடுகின்றன. கோட்டைக் கொச்சிக் கரையில் சீன வலைகளின் பக்கம் காலையில் நடந்தால் இரண்டு துண்டாவது கண்ணில் படும்.

ஆனால் சும்மா கிடைத்ததே என்று கொண்டுவந்து அப்படியே தொட்டியில் போட்டால் மீனுக்கு ஆபத்து. நம் கரையில் ஒதுங்கும் கட்டையில் உப்பு இருக்கும். சில சமயம் விஷமும் இருக்கும். உப்பைக் கழுவி எடுத்துவிடலாம், விஷத்தை அப்படி எடுக்க முடியாது. ஆகவே கட்டையைத் தேர்ந்தெடுப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

முதலில் படகுக் கட்டை. பழைய வள்ளத்தின் உடைந்த பலகை பார்க்க வெகு அழகாக இருக்கும். தொடவே வேண்டாம். இங்கே வள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், மீன் எண்ணெய், தார் என்று பலவும் பூசுவார்கள். செம்பு ஆணியும் அடித்திருப்பார்கள். செம்பு சிறிதளவே கரைந்தாலும் நத்தையும் இறாலும் தாங்காது. போதாததற்கு இப்போது மருந்தேற்றிய மரங்களும் உண்டு. வில்லிங்டன் தீவிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், விலை மலிந்த ரப்பர் மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளை ஏற்றிப் படகு கட்டிக் காட்டியது. மரத்தைத் துளைக்கும் உயிர்களைத் தடுக்க அது நல்ல வழி. அதே மரம் மீன் தொட்டிக்குள் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அறுத்த முனை, ஆணித் துளை, பச்சை நிறச் சாயல், எண்ணெய்ப் பிசுக்கு, இவற்றில் எது தெரிந்தாலும் அந்தத் துண்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது காயலோரத்து மரங்கள். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் பிச்சாவரத்தில் மட்டும் அல்ல, கொச்சிக் காயலோரத்திலும் வளர்கிறது. மலையாளத்தில் அதற்குக் கண்ணாம்பொட்டி என்று பெயர். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும். ஒதளம் என்று இங்கே சொல்லும் காட்டரளியும் கரையோரம் நிறைய உண்டு. காய் சின்ன மாங்காய் போலவே இருக்கும். உள்ளே உள்ள விதை இதயத்தை நிறுத்திவிடும். பிள்ளைகளைக் கட்டை பொறுக்க அழைத்துப் போகிறவர்கள் இந்த இரண்டையும் முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும். பச்சைக் கிளை, பால் வடியும் கிளை எதுவும் வேண்டாம். அலையாத்தி வேர் அழகாகத்தான் இருக்கும்; அதற்காக உயிரோடு நிற்கும் மரத்தை வெட்டுவது சட்டப்படியும் தவறு.

பட்டை எல்லாம் உதிர்ந்து, நகத்தால் அழுத்தினால் பதியாத, கையில் கனக்கும் பழைய கட்டைதான் நமக்கு வேண்டியது. எந்த மரம் என்றே தெரியாத துண்டுக்குப் பதிலாக, தெரிந்தவர் தோட்டத்தில் காய்ந்து கிடக்கும் கொய்யாக் கிளையை வாங்கிவருவது மேல். உப்புத் தொல்லையும் இல்லை.

கட்டையில் விரல் நுழையும் அளவு துளைகள் இருந்தால் அது கப்பல் புழுவின் வேலை. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். துளைகளுக்குள் குட்டி மீன்கள் ஒளிந்து விளையாடும் என்பது உண்மையே. ஆனால் உள்ளே செத்த சதை இருந்தால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கம்பியால் குத்தி, வேகமாகத் தண்ணீர் பாய்ச்சி, துளைகளைச் சுத்தம் செய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும். அழுகிய முட்டை வாடை போகாத கட்டையும் ஆகாது.

இனி உப்பு. மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கிணறுகளில் பல உவர்ப்பானவை. அந்தத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுக்க நினைப்பது வீண். குழாய்த் தண்ணீர் கிடைக்கும்போது வாளியில் பிடித்து ஊறவையுங்கள். அதைவிட நல்லது மழைத் தண்ணீர். கூரை விளிம்பின் கீழ் கட்டையை வைத்துவிட்டால் கொச்சி மழை நமக்காக வேலை செய்யும்! வாளித் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றி, மேலே துணி கட்டி மூடுங்கள். நம் ஊர்க் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுக்க வேண்டாமே. மூன்று வாரம் கழித்து, ஊறிய தண்ணீரில் ஒரு தம்ளரும் புதுத் தண்ணீரில் ஒரு தம்ளரும் தனித்தனிப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சிப் பாருங்கள். முதலாவதில் வெள்ளைப் படிவு அதிகமாக இருந்தால் இன்னும் ஊற வேண்டும்.

பிறகு கொதிக்க வைப்பது. பழைய அண்டாவில் கட்டை முழுகத் தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம். தண்ணீரை மாற்றி மறுபடியும். சோப்போ பொடியோ கூடாது, மரம் அதைக் குடித்துக்கொள்ளும். கொதிப்பதில் பூச்சி முட்டைகளும் பூஞ்சையும் சாகும், மரத்துக்குள் இருக்கும் காற்று வெளியேறுவதால் கட்டை சீக்கிரம் மூழ்கும், துவர்ப்பும் இறங்கும். நான் மொட்டை மாடியில் காய்ச்சும்போது அடுத்த வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்து, "இதெந்தா சேட்டா, கஷாயமா?" என்று கேட்டார். நிறம் அப்படித்தான் இருக்கும். அண்டாவில் அடங்காத கட்டைக்குக் கொதிநீரைப் பலமுறை மேலே ஊற்றி, கூடுதலாக இரண்டு வாரம் ஊறவைக்கலாம். அதன் பிறகும் மிதந்தால் ஒரு கடப்பைக் கல் துண்டில் துருப்பிடிக்காத திருகாணியால் பிணைத்துவிடுங்கள்.

தொட்டியில் வைத்தபின்னும் தண்ணீர் கொஞ்ச நாள் தேநீர் நிறம் காட்டும். தண்ணீரை மெல்ல அமிலத்தன்மைக்குக் கொண்டுபோகும் துவர்ப்பு அது. அமேசான் காட்டு ஆற்றிலிருந்து வந்த நியான் டெட்ரா போன்றவற்றுக்கு அது சொந்த ஊர்த் தண்ணீர். நம் மிஸ் கேரளாவும் மலை ஓடை மீன்தான். கொச்சியில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1865இல் அதை விவரித்து, சென்னை கவர்னர் டெனிசன் பெயரைச் சூட்டினார். இன்று அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். பெரிய தொட்டியும் ஓடும் நீரும் வைக்க முடிந்தவர்களே வாங்கலாம். காயல் மீனான பள்ளத்திக்கு இந்தத் துவர்ப்பு தேவையில்லை, சிறு கட்டை போதும்.

முதல் வாரங்களில் கட்டைமேல் வெள்ளையாக வழுவழுப்பு படர்ந்தால் பயந்து எடுத்து எறிய வேண்டாம். மரத்தில் மிஞ்சிய சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள்தான் அவை. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள், அல்லது இரண்டு நத்தைகளை விடுங்கள். அது அடங்கியபின் ஜாவா பாசியைக் கறுப்பு நூலால் கட்டையில் சுற்றிவைத்தால், நூல் தெரியாதபடி பாசி மூடிக்கொள்ளும்.