நீரிழிவும் நெஞ்சின் கலக்கமும்

நீரிழிவு வந்தவருக்கு மருந்து இன்னது, உணவு இன்னது என்று சொல்ல ஆளுக்குக் குறைவே இல்லை. வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு கஷாயமாவது சொல்லாமல் விடைபெறுவதில்லை. ஆனால் நாள்தோறும் விரலைக் குத்திக்கொண்டு, கவளத்துக்குக் கவளம் கணக்குப் பார்த்துக்கொண்டு, கண்ணுக்கும் காலுக்கும் என்ன வந்துவிடுமோ என்று அஞ்சி வாழ்கிற அந்த மனத்தின் பாரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் வில்லியம் போலான்ஸ்கியும் அவருடைய துணைவர்களும் 1995-ஆம் ஆண்டில் இப்பாரத்தை அளப்பதற்கென்றே வினாப் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர்.

கலக்கம் மனத்தோடு நின்றுவிடுவதன்று. அச்சமோ கோபமோ எழுங்கால் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் இரத்தத்தில் மிகுகின்றன. அவற்றின் ஏவலால் கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை வெளிவிடுகிறது. புலி துரத்தும்போது ஓடுவதற்கு இது உதவும். குளுக்கோமீட்டரில் 240 என்று கண்டு நாற்காலியில் கலங்கி அமர்ந்திருப்பவருக்கு இதனால் ஆவதென்ன? மேலும், இன்று அஞ்சியவர் நாளை சோதனையே செய்யாமல் விட்டுவிடுகிறார். எனக்குப் பெருங்கவலை தருவது இதுவே.

1979-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் என்பவர், பௌத்தத் தியானத்தின் சாரத்தை எடுத்து நோயாளிகளுக்கென ஒரு பயிற்சியை வகுத்தார். இக்கணத்தில் நிகழ்வதை, நன்று தீது என்று தீர்ப்புக் கூறாமல், விழிப்போடு கவனிப்பதே அது. சொல்வதற்கு எளிது; செய்து பார்த்தால் மனம் எத்தனை முறை ஓடுகிறதென்பது விளங்கும். ஓடினால் குற்றமில்லை, மீண்டும் அழைத்து வரலாம்.

என்னிடம் வருவோருக்கு நான் கூறுவது இது: விரலைக் குத்துமுன் மூன்று மூச்சுகளைக் கவனியுங்கள். எண் தெரிந்தவுடன் மனம் என்ன சொல்கிறதென்று கேளுங்கள். ‘நேற்று அந்த ஜிலேபியைத் தின்றேனே, நான் உருப்படவே மாட்டேன்’ என்று அது புலம்பலாம். புலம்பல் வேறு, அளவு வேறு. அளவைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, நடப்பதா, மருத்துவரைக் கேட்பதா என்று அடுத்த வேலையைப் பாருங்கள். உண்ணும்போதும் முதல் நான்கு கவளங்களையாவது சுவை அறிந்து மெல்லுங்கள். வானொலியைக்கூடச் சற்று நிறுத்திவிடலாம்!

பயன் எவ்வளவு? ஹாலந்து நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 139 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2013-இல் வெளியாயிற்று. எட்டு வாரப் பயிற்சி பெற்றவர்களிடம் மன அழுத்தமும் கவலையும் சோர்வும் குறைந்தன. ஆயினும் ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இதனை மறைத்தல் முறையன்று. மனம் இலேசாவதே பெரும்பேறென்பது என் கருத்து. ஆனால் தியானத்தை நம்பி இன்சுலினை நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொன்றும் உண்டு. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ உட்கொள்பவருக்குத் திடீரென வியர்வை, கைந்நடுக்கம், படபடப்பு தோன்றினால், அது மனக்கலக்கமென்று எண்ணிக் கண்ணை மூடி அமர்ந்துவிடக் கூடாது. சர்க்கரை தாழ்ந்தாலும் இவையே குறிகள். உடனே அளவு பாருங்கள். 70-க்குக் கீழிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள். அளவு ஏறிய பிறகு மூச்சைக் கவனித்துக்கொள்ளலாம்.