உயிரணுவின் எச்சரிக்கை

வீட்டில் தீப்பற்றினால் அண்டை வீட்டாரை எச்சரிப்பது மக்கள் இயல்பு. நம் உடலின் உயிரணுக்களும் அவ்வாறே செய்கின்றன. இவ்வுண்மையை 1957ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் அறிஞர் இருவர் வெளிப்படுத்தினர். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்புளுயன்சா வைரஸை, கருவளரும் கோழிமுட்டையின் சவ்வுத் துண்டுகளோடு அவர்கள் சேர்த்து வைத்தனர். பின்னர், அச்சவ்வு தோய்ந்திருந்த நீர்மத்தைப் புதிய சவ்வுத் துண்டுகளின்மீது இட்டனர். அவற்றில் உயிர்ப்புள்ள வைரஸ் பெருக இயலாது தடைப்பட்டது! நீர்மத்தில் இருந்த காப்புப் பொருளுக்கு 'இன்டர்பெரான்' எனப் பெயரிட்டனர்.

இன்டர்பெரான் ஒரு புரதம். அது வைரஸை நேரே அழிப்பதன்று, செய்தி சொல்வது. வைரஸ் புகுந்த உயிரணு அதனைச் சுரக்கிறது. செய்தி பெற்ற அண்டை உயிரணுக்கள், வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் வேறு புரதங்களை ஆக்கிக்கொள்கின்றன. இவ்வாறு, நோயுற்ற உயிரணு தான் மடிய நேரினும் தன் அயலைக் காக்கின்றது.