காலிப் புட்டியும் கைத்திறனும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் எந்த வீட்டுப் பரண்மீது ஏறிப் பார்த்தாலும் அங்கே ஒரு புட்டிப் பரிவாரம் கொலுவீற்றிருப்பதைக் காணலாம். காப்பித்தூள் வந்த சீசா, தேன் வந்த சீசா, ஹார்லிக்ஸ் கண்ணாடிப் புட்டியில் வந்த நாளில் பாட்டியம்மாள் பத்திரப்படுத்திய புட்டி, மூடி காணாமற்போன ஊறுகாய் ஜாடி இப்படியாக அவை வரிசை வரிசையாய் நிற்கும். எறிந்துவிட மனம் வருவதில்லை. எடுத்து உபயோகிக்கவும் வழி தெரிவதில்லை. நம் வீட்டில் வாடகையில்லாமல் குடியிருக்கும் இவற்றிற்கு ஏதேனும் ஒரு வேலை கொடுத்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய சாமான்களின் மதிப்பு நம் பக்கத்தாருக்குத் தெரியாததன்று. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றிய பிறகு, கடைசல் இயந்திரத்திலிருந்து உதிரும் இரும்புச் சுருளுக்குக்கூட விலை உண்டு என்பதை வீட்டுக்கு ஒருவர் அறிவார். ஆனால் கண்ணாடியின் கதையே வேறு. காயலான் கடையில் பித்தளைக்குக் கிடைக்கும் மரியாதை புட்டிக்குக் கிடைப்பதில்லை. பாரம் அதிகம், உடையும் பயம் அதிகம், கிடைக்கும் காசோ அற்பம். ஆகையால் அநேக புட்டிகள் குப்பைத் தொட்டிக்கும் ஏரிக்கரைக்கும் போய்ச் சேருகின்றன.

அங்கே போய் அவை சும்மா இருக்கின்றனவா? கண்ணாடி மக்காது, துருப்பிடிக்காது. உடைந்தால் மாத்திரம் கூர்மை பெறும். தினந்தோறும் காலையில் நம் தெருவைச் சுத்தம் செய்யும் சகோதரிகளின் கையையும், ஏரிக்கரையில் மேயும் மாட்டின் குளம்பையும், வெறுங்காலுடன் விளையாடும் குழந்தையின் பாதத்தையும் அது கிழிக்கிறது. நாம் அலட்சியமாய் எறிந்த புட்டிக்கு வேறொருவர் இரத்தத்தால் விலை கொடுக்கிறார்.

கண்ணாடியின் பெருமை

இத்தனைக்கும் கண்ணாடி நமக்கு அந்நிய வஸ்து அல்ல. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்னரே கண்ணாடி மணிகள் செய்தார்கள். அவை கடல் கடந்து சென்றன. 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆராய்ச்சியாளர் அங்கே அகழ்ந்து பார்த்தபோது அவ்வூரின் பழம்புகழ் உலகறிய வெளிப்பட்டது.

சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த நாளில், மகாராஷ்டிரத்தில் அந்தாஜி தாமோதர் காளே என்பவர் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு பைசா வீதம் வசூலித்து ‘பைசா நிதி’ திரட்டினார். ரூபாய்க்கு 64 பைசாவாக இருந்த காலம் அது. லோகமான்ய திலகரின் ஆதரவுடன் அந்நிதியைக் கொண்டு 1908-இல் புனாவுக்கு அருகே தளேகாவ் என்ற ஊரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. அந்நிய நாட்டுக்குச் சென்று இத்தொழில் கற்றுத் திரும்பிய ஈசுவரதாஸ் வார்ஷ்ணேய் அதை நடத்தினார். ஏழை எளியவர் தந்த பைசாவினால் எழுந்த ஆலை! அதை நினைக்கும்போது ஒரு புட்டியை அலட்சியமாய் எறிய மனம் வருமா?

முதலில் சுத்தம்

இனி வேலைக்கு வருவோம். புட்டி அலங்காரத்தில் தோல்வியடைகிறவர்கள் பெரும்பாலும் வர்ணத்தில் தோல்வியடைவதில்லை; கழுவுவதிலேயே தோல்வியடைகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் புட்டியை ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் மேலொட்டிய காகிதம் தானாகவே கழன்றுவிடும். பிசின் மிச்சமிருந்தால் சமையல் எண்ணெயையும் சமையல் சோடாவையும் சம அளவு குழைத்துத் தேய்த்து, பிறகு எண்ணெய்ப் பசை போகச் சோப்பிட்டுக் கழுவுக. உள்ளே கை நுழையாத புட்டியா? ஒரு பிடி நொய்யும் சிறிது சோப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கினால் மூலைமுடுக்கெல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். பின்பு ஒரு நாள் முழுதும் தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்துக. ஈரமோ எண்ணெயோ இருந்தால் வர்ணம் பட்டை பட்டையாய் உரிந்துபோகும்.

சில எளிய வேலைகள்

எல்லாவற்றிலும் சுலபமானது கயிறு சுற்றுதல். சணற்கயிறோ மெல்லிய தேங்காய்நார்க் கயிறோ போதும். அடியிலிருந்து தொடங்கி, இரண்டு விரற்கடை அகலம் பசை தடவி, அந்த அளவுக்கு மட்டும் இடைவெளியின்றிச் சுற்ற வேண்டும். பிறகு அடுத்த இரண்டு விரற்கடை. புட்டி முழுவதும் ஒரேயடியாய்ப் பசை பூசினால், பாதி வேலையில் பசை உலர்ந்து போகும்.

இரண்டாவது வர்ணம் தீட்டுதல். கண்ணாடி வழவழப்பாக இருப்பதால் வர்ணம் எளிதில் பற்றாது. இதற்குப் பள்ளிக்கூடத்து உபாயம் ஒன்று உண்டு. கரும்பலகையடியில் உதிர்ந்து கிடக்கும் சாக்குக்கட்டித் தூளைச் சலித்துச் சுவர் வர்ணத்துடன் கலந்து பூசினால், சொரசொரப்பான நல்ல அடித்தளம் கிடைக்கும். அது நன்றாக உலர்ந்த பின், மேலே வெள்ளை வர்ணத்தால் புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடலாம். நம் பெண்மணிகளுக்குக் கோலத்தைவிடப் பழகிய சித்திரம் வேறு உண்டோ?

மூன்றாவது, தட்டையான பழைய படச்சட்டக் கண்ணாடிக்கு உரியது. சீன தேசத்திலிருந்து கப்பலேறி வந்து தஞ்சாவூரில் வேரூன்றிய கண்ணாடி ஓவியக்கலை அது. சாதாரணச் சித்திரத்தில் பின்னணியை முதலில் தீட்டி, கண்ணையும் மூக்குத்தியையும் கடைசியில் வைக்கிறோம். கண்ணாடியின் பின்புறம் தீட்டும்போதோ எல்லாம் தலைகீழ். மூக்குத்தி முதலில், முகம் பிறகு, பின்னணி கடைசியில். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறுவதையும் மறக்கலாகாது. குழந்தைகளின் புத்திக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது.

நான்காவது புட்டித் தோட்டம். 1829-ஆம் வருஷத்தில் லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற வைத்தியர், அந்துப்பூச்சியின் கூட்டை ஈரமண்ணுடன் ஒரு புட்டியில் வைத்து மூடினார். பூச்சியை எதிர்பார்த்தவர் கண்ணுக்கு, அதனுள்ளே ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருப்பது தென்பட்டது! மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மறுபடியும் மண்ணுக்கே திரும்புவதால் செடி வாடவில்லை. அவர் கண்ட தத்துவத்தில் அமைந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னர் சீனத்துத் தேயிலைச் செடிகள் இந்தியாவுக்குப் பிரயாணம் செய்தன. நாமும் அகன்ற வாயுள்ள ஜாடியில் கூழாங்கல், அதன்மேல் அடுப்புக்கரித் துண்டுகள், அதன்மேல் மண் பரப்பி, சிறு பெரணி ஒன்றை நட்டுக் கொஞ்சம் நீர் தெளித்து மூடி வைக்கலாம். நேர் வெயில் கூடாது. விஞ்ஞான ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்கும் நீர்ச் சுழற்சியை அந்த ஜாடி மௌனமாகவே விளக்கிவிடும்.

எச்சரிக்கை

கைத்திறன் ஆர்வத்தில் சில அபாயங்களை மறந்துவிடக்கூடாது. புட்டியை இரண்டாக அறுப்பது பெரியவர்களின் வேலை. கண்ணாடி வெட்டும் கட்டரால் ஒரே ஒரு முறை சுற்றிக் கோடு கிழித்து, அக்கோட்டின்மீது கொதிநீரும் குளிர்நீரும் மாறி மாறி விட்டால் புட்டி பிளக்கும். கண்ணுக்குக் காப்பும் காலுக்குச் செருப்பும் அவசியம். விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கும்போது நீர் விட்டே தேய்க்க வேண்டும். கண்ணாடித் தூள் நெஞ்சுக்குள் போகலாகாது. மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்திப் பிளக்கும் முறை ஒன்றும் உண்டு. அதை வீட்டில் செய்யவே வேண்டாம்.

இதனினும் பெரிய அபாயம் மூடிக்குள் இருக்கிறது. பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் முதலியவற்றைக் குடிபானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. தாகமெடுத்த குழந்தை புட்டியைத்தான் பார்க்கும். அதில் ஒட்டிய சீட்டை வாசிக்காது. எனவே அழகான புட்டியில் விஷம் வைக்கலாகாது. ஒரு முறை விஷம் வைத்த புட்டியை மீண்டும் உணவுக்கு எடுக்கவும் கூடாது.

மணிபிளாண்ட் கொடியைப் புட்டி நீரில் வளர்ப்போருக்கும் ஒரு வார்த்தை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தம்ளர் நல்ல தண்ணீரே போதும். அது இட்ட முட்டை சுமார் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். உலர்ந்த புட்டியின் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆகையால் வாரம் ஒரு முறை நீரை மாற்றுவது மட்டும் போதாது. உட்சுவரையும் நன்றாய்த் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டுக்கு அழகு தேடி வியாதியை வரவழைத்துக்கொள்வானேன்?

எத்தனை பூச்சாடி வேண்டும்?

கடைசியாக ஓர் உண்மையையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். பூவின் பெயரைத் தாங்கிய பூவிருந்தவல்லியிலேயேகூட ஒரு வீட்டுக்கு ஐந்தாறு பூச்சாடிகளுக்கு மேல் தேவைப்படா. மிஞ்சும் புட்டிகளின் கதி என்ன? அலங்காரத்திற்கென்றே புதுப் புட்டிகளை விலைக்கு வாங்குவோரும் உளர். அது சிக்கனமுமல்ல, கைத்திறனுமல்ல.

புட்டிக்கு மிக உயர்ந்த அலங்காரம், அது வந்த வழியே திரும்பிச் சென்று மறுபடியும் நிரம்பி வருவதுதான். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் கண்டுபிடித்த கோலி சோடாப் புட்டியை நம் ஊர்ச் சோடாக் கடைகள் இவ்விதமே வருஷக்கணக்கில் ஆண்டுவந்தன. குடித்தவர் புட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவார். அது குப்பைக்குப் போக வழியே இல்லை. நீலகிரிக் காடுகளில் மதுப் புட்டிச் சில்லுகள் யானை முதலிய விலங்குகளின் காலைக் கிழித்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் 2022-இல் அங்கே ஒரு திட்டம் அமலுக்கு வந்தது. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொணர்ந்தால் திருப்பித் தருவது என்பதே அது. பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. புத்திமதியால் ஆகாதது பத்து ரூபாயால் ஆயிற்று!

திருப்பிக் கொடுக்க வழியில்லாத புட்டியை உருக்கியாவது மறுபிறவி கொடுக்கலாம். கண்ணாடி எத்தனை முறை உருக்கினாலும் தன் குணம் மாறாது. பழைய கண்ணாடித் தூளைச் சேர்த்தால் உலைக்கு வேண்டிய எரிபொருளும் குறைகிறது. ஆனால் அதற்கு அது முழுதாய்க் காயலான் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். உடைந்துவிட்டாலோ, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டி, ‘கண்ணாடி’ என்று எழுதித் தனியே கொடுப்பது நம் கடமை.

ஆகையால், திருப்பித் தரக்கூடியதைத் திருப்பித் தருவோம். மீந்ததில் நல்லதைப் பொறுக்கி அழகு செய்வோம். உடைந்ததைக் காகிதத்தில் பொதிந்து ஒப்படைப்போம். வருகிற விடுமுறையில் நம் சகோதரிகள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பரண்மீதிருந்து ஒரே ஒரு புட்டியைக் கீழே இறக்கிப் பார்க்கட்டும். சலவைச் சோடாவும் ஒரு முழம் சணற்கயிறும் அதற்குள் தயாராக இருக்கட்டும்.