வெள்ளையடித்த சமையலறை

நகரச் சேரிகளில் குடியேறிய ஏழையரின் வறுமையைக் கதையில் காட்டுவது எளிது. அவ்வறுமை நீங்காமல் நிலைப்பது எதனால் என்பதைக் காட்டுவதே அரிது. அதனைச் செய்து காட்டியவர் ஆன்சியா யெசியெர்ஸ்கா.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பெருந்திரளாக நியூயார்க்கில் குடியேறினர். நகரின் கீழ்க்கிழக்குப் பகுதி அவர்களுள் பலருக்குப் புகலிடமாயிற்று. காற்றும் ஒளியும் அரிதாகவே புகும் அடுக்குமாடி வீடுகளில் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. பல வீடுகளில் தையல் வேலையும் அங்கேயே நடந்தது. போலந்துப் பகுதியிலிருந்து சிறுமியாக வந்த யெசியெர்ஸ்கா இச்சூழலில் வளர்ந்தவர். தையற்கூடங்களில் உழைத்துக்கொண்டே கல்வி கற்றவர். 'பசித்த இதயங்கள்' என்று பொருள்படும் அவரது முதல் சிறுகதைத் தொகுப்பு 1920இல் வெளிவந்தது.

அதில் 'இழந்த அழகு' என்னும் பொருளுடைய கதை ஒன்று உண்டு. அதன் தலைவி ஹன்னே ஹாயே, பிறர் துணிகளை வெளுத்துப் பிழைப்பவள். படைப்பணியிலிருந்து திரும்பவிருக்கும் மகனை வரவேற்கத் தன் சமையலறைக்கு வெள்ளை வண்ணம் பூசுகிறாள். செல்வர் வீட்டில் தான் கண்ட தூய்மை தன் வீட்டிலும் விளங்கவேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டுக்காரரோ, அழகுபெற்ற வீட்டுக்கு வாடகையை உயர்த்துகிறார். அவள் வயிற்றைக் கட்டி அதனைச் செலுத்துகிறாள், மீண்டும் உயர்த்துகிறார். நீதிமன்றத்திலும் அவருக்கே வெற்றி கிட்டுகிறது. மனமுடைந்த அவள், தான் பூசிய சுவரைக் கோடரியால் சிதைக்கிறாள். திரும்பி வரும் மகன், தெருவில் எறியப்பட்ட தட்டுமுட்டுப் பொருள்களின் நடுவே தாயைக் காண்கிறான்.

அழகைப் படைத்தவள் அவள். அதற்கு விலை கொடுத்தவளும் அவளே. பயன் பெற்றவர் வீட்டுக்காரர். 'ஏழையின் உழைப்பு பிறர்க்கே பயன்படுகிறது' என்று ஆசிரியர் எங்கும் அறிவுரை கூறவில்லை. வெண்மையான ஒரு சுவரும் உயர்ந்துகொண்டே செல்லும் வாடகையும் அதனைக் கூறிவிடுகின்றன. வசைபாடும் கொடியவர் எவரும் இங்குத் தேவைப்படவில்லை. சட்டப்படி நடந்ததே கொடுமையாகிறது. நடப்பியல் புனைகதையின் வலிமை இதுவே.

கோடரியை ஓங்கும் அவளது செயல் சினத்தால் மட்டும் விளைந்ததன்று. தன் உழைப்பு தன்னையே வீட்டைவிட்டுத் துரத்தும் கருவியாவதை அவள் ஏற்க மறுக்கிறாள்.

இத்தகைய கதைகளைப் படிக்கும்போது, மாந்தர் எவ்வளவு ஏழை என்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர்களை ஏழையாகவே வைத்திருப்பது எது எனவும் வினவுங்கள். இரக்கம் கண்ணீரோடு முடியலாம். அவ்வினா நம்மைச் சிந்திக்கச் செய்யும்.